மணியம்மாள் நம்பர்

ரத்தம் எடுத்த இடத்தில் பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டு ஆரோக்கியசெல்வி கம்ப்யூட்டர் ஜன்னலுக்கு முன்னால் வந்து நின்றாள். காலையிலிருந்து அவளுக்கு நெஞ்சு ஒரு நிலையில் இல்லை. எழுந்ததும் கர்ப்பம் பார்க்கும் அட்டையில் பார்த்தபோது ஒரு கோடு அழுத்தமாக விழுந்தது. பக்கத்தில் இன்னொன்று இருந்தும் இல்லாமலும் தெரிந்தது. வாசலில் வைத்துப் பார்த்தால் இருக்கிறது, உள்ளே வந்து பார்த்தால் காணோம். அந்த அட்டையை நம்பி முன்பே இரண்டு முறை ஏமாந்தவள் அவள். அதனால் புருஷனிடம்கூட மூச்சு விடவில்லை. நடவு ஆட்களிடம் ரேஷன் கார்டு வேலை என்று ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு, செலியமேட்டிலிருந்து டெம்போ பிடித்துப் பக்கத்து ஊர் ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டாள். டாக்டரம்மா அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, ரத்தத்தில் பார்த்தால்தான் உறுதி என்று சொல்லிப் பெரிய லேபுக்கு எழுதிவிட்டார்.

ஜன்னலுக்கு உள்ளே இருந்த மஞ்சுளா விசைகளைத் தட்டிக்கொண்டே கேட்டாள். "ஆரோக்கியசெல்வி, வூட்டுக்காரர் அன்புராஜ். சரிதானாக்கா?"

"சரிதாம்மா. ரிசல்ட்டு எப்ப வரும்?"

"மத்தியானத்துக்குள்ள வந்துடும். நீ இங்க காத்துக்கினு கெடக்க வேணாம். இப்ப எல்லாம் கம்ப்யூட்டர்தான். அங்க லேபுல அமுக்குனா நேரா உன் போனுக்கு மெசேஜ் வந்துடும். எனக்குக்கூட அப்புறந்தான் தெரியும்."

செல்விக்கு அந்தப் பேச்சு இனித்தது. தனக்குத்தான் முதலில்! இடுப்பில் செருகியிருந்த புதுப் போனை ஒரு முறை தொட்டுப் பார்த்துக்கொண்டாள். இரண்டு அடி நடந்தவளுக்கு என்ன தோன்றியதோ, திரும்பி வந்தாள்.

"எந்த நம்பருக்கும்மா வரும்?"

"நீ குடுத்ததுதான். கடைசியில நாலு நாலு ஏழு."

"அய்யய்யோ! அது மணிக்கா நம்பராச்சே!"

மணியம்மாள் நம்பர் என்றால் அந்தத் தெருவுக்கே பொது நம்பர். கொரோனா ஊசி போட வந்த காலத்தில் ஆளுக்கொரு நம்பர் கொடு என்றார்கள். நடவுக்குப் போகும் பெண்களில் பாதிப் பேரிடம் போன் இல்லை. அன்புராஜிடம் இருந்தது, ஆனால் அவன் சலுகை எங்கே கிடைக்கிறதோ அங்கே தாவுகிறவன். சட்டை மாற்றுவதுபோல சிம் மாற்றினான். மகளிர் குழுத் தலைவி மணியம்மாள்தான் கூட்டத்தைப் பிளந்துகொண்டு போய், "எல்லாத்துக்கும் என் நம்பரையே போட்டுக்கம்மா" என்றாள். அன்றைக்கு அது பெரிய உபகாரம். யாரும் இல்லையென்று சொல்ல முடியாது.

ஆனால் அந்தப் போன் இருக்கிற லட்சணம் இருக்கிறதே! மணியம்மாளுக்கு இங்கிலீஷ் எழுத்து ஆகாது. நடவு நடக்கும்போது அவள் போன் வரப்பு ஓரத்துப் பூவரசங்கிளையில் மாட்டிய கூடைக்குள் இருக்கும். மணி அடித்தால் வரப்பின்மேல் யார் இருக்கிறார்களோ அவர்கள் எடுத்து உரக்கப் படிக்க வேண்டும். சேற்றுக்குள் நிற்கிற மணியம்மாளுக்குக் கேட்க வேண்டுமே! அதனால் வயல் முழுக்கக் கேட்கும். ஆடி மாதத்தில் ஒருநாள் கூட நடவுக்கு வரும் லில்லி அப்படித்தான் கூவினாள், "ஜெயசுதாவுக்கு சக்கர ஏறிப்போச்சாம்க்கா!" அதோடு மாதா கோயில் திருவிழாவில் ஜெயசுதா இலைக்கு மட்டும் கேசரி வரவில்லை. யாரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. அக்கறையாகத்தான் செய்தார்கள். அவள் சமையல்கட்டுக்குப் பின்னால் போய் நின்று ஒரு உருண்டை தின்றதைச் செல்வி மட்டும் பார்த்தாள்.

புதுப் போன் வாங்கியதும் கேஸ், பேங்க், ரேஷன் என்று எல்லா இடத்திலும் நம்பரை மாற்றிவிட்டதாக அன்புராஜ் சொல்லியிருந்தான். ஆஸ்பத்திரியை மறந்துவிட்டான் போலிருக்கிறது. அவனிடம் ஒரு வேலையை ஒப்படைத்தால் இந்தக் கதிதான்.

"நீயே மாத்திடேன்மா. இதோ என் நம்பரு."

"மாத்தலாம்க்கா. ஆனா பழைய நம்பருக்கு ஓடிபி போவும். அதச் சொன்னாத்தான் கம்ப்யூட்டர் வுடும்."

"மணிக்காவுக்குத் தெரியக்கூடாதுன்னுதானம்மா மாத்தச் சொல்றேன். அதுக்கு மணிக்காவையே போயிக் கேக்கணுமா?"

மஞ்சுளா உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள். "வேற எவனாவது வந்து உன் பேருல நம்பர மாத்திக்கினா உன் சேதிய அவன் பாத்துடுவான் இல்ல? அதுக்குத்தான்க்கா இந்தக் காவலு."

"நல்ல காவலும்மா! ஊரு மொத்தமும் உள்ள கீது, நான் ஒருத்திதான் வெளிய நிக்கிறேன்."

"கோச்சிக்காதக்கா. நீ வயலுக்குப் போ. போய்ச் சேந்ததும் எனக்கு போன் பண்ணு, அப்ப அனுப்புறேன். இப்பவே அனுப்புனா பத்து நிமிஷத்துல அது செத்துடும்."

"அதுக்குள்ள ரிசல்ட்டு வந்துட்டா?"

மஞ்சுளா கையை வீசி அவளை விரட்டினாள். "ஓடுக்கா" என்றாள். பிறகு செல்வியின் முகத்தைப் பார்த்து, "இல்ல, ஓடாத. மெதுவா ஓடு" என்றாள்.

டெம்போவில் ஏறி உட்கார்ந்ததும் செல்விக்குப் பதற்றம் தாங்கவில்லை. வானம் கிழக்கே கடலோர நல்லவாடு ஊர்ப் பக்கம் கறுத்துக்கொண்டு வந்தது. காற்று அசையவில்லை, வேர்வை வழிந்தது. "சீக்கிரம் போண்ணா" என்றாள். டிரைவர் பச்சையப்பன் அப்படிச் சொல்ல மாட்டார்களா என்று ஏங்குகிற பேர்வழி. வண்டி பறந்தது. முதல் பள்ளத்தில் தூக்கிப் போட்டதும் செல்வி இரண்டு கையாலும் அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு அலறினாள். "அய்யோ, மெதுவா போண்ணா!"

வண்டி ஊர்ந்தது. ஒரு மாட்டு வண்டி அவர்களை முந்திக்கொண்டு போனது.

"இன்னாண்ணா இது, இப்பிடிப் போனா எப்ப போயிச் சேர்றது? சீக்கிரம் போயேன்!"

பச்சையப்பன் வண்டியை ஓரம் கட்டியேவிட்டார். "தே, சீக்கிரம் போவணுமா, மெதுவா போவணுமா? ஒண்ணச் சொல்லு."

"சீக்கிரமா போவணும். ஆனா குலுங்கக் கூடாது."

"மடியில இன்னா, முட்ட வச்சிங்கீறியா?"

"ஆமாண்ணா, முட்டதான்" என்றாள் செல்வி. சொல்லிவிட்டு அவளுக்கே சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்போடு கண்ணும் கலங்கியது. இருந்தால் எப்படி இருக்கும்! இந்த முறை தங்கிவிட்டால்! அந்த நினைப்பு ஒரு கணம் உள்ளே புகுந்ததும் உடம்பெல்லாம் சூடாகி, உடனே பயமும் கூடவே வந்துவிட்டது. அதற்குப் பிறகு வழியெல்லாம் அவள் தன் போனைப் பார்க்கவில்லை. சேதி வராத போனைப் பார்த்து என்ன ஆகப்போகிறது?

வாய்க்கால் ஓரமாகவே நடந்து, அன்றைக்கு நடவு வைத்திருந்த நிலக்காரர் குழந்தைவேலின் வயலுக்கு வந்தாள். சம்பா நடவு பாதி முடிந்திருந்தது. மழைக்கு முன்னால் முடித்துவிட வேண்டும் என்று குழந்தைவேல் காலையிலிருந்து வரப்பில் நடையாய் நடந்து, ஆட்கள் கேலி தாங்காமல் சாப்பிடப் போய்விட்டார். பெண்கள் வரிசையாகக் குனிந்து பின்னுக்கு நகர்ந்துகொண்டிருந்தார்கள். காலில் முள் குத்தியிருந்த லில்லி மட்டும் பூவரச நிழலில் உட்கார்ந்து, கூழுக்குத் தொட்டுக்கொள்ள நெத்திலிக் கருவாட்டைத் தலை கிள்ளிக்கொண்டிருந்தாள்.

"வாடி கார்டுகாரி! கார்டு குடுத்தானா, நாளைக்கு வான்னானா?" என்று சேற்றிலிருந்தே கேட்டாள் ஜெயசுதா.

செல்வியின் கண் கூடைமேல் இருந்தது. "லில்லி, மணிக்கா போனு அடிச்சுதா?"

"காலையில ஒரு லோன்காரன் பேசுனான். அப்புறம் ஒண்ணும் இல்ல. ஏன்?"

அப்பாடா! செல்வி தள்ளிப் போய் மஞ்சுளாவுக்குப் போன் போட்டு, வந்துவிட்டேன், அனுப்பு என்று கிசுகிசுத்தாள். சொல்லி வாயை மூடுவதற்குள் கூடைக்குள் மணி அடித்தது. அவள் பாய்ந்து எடுப்பதற்குள் லில்லி கருவாட்டுக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு எடுத்துவிட்டாள். பழக்கதோஷம்.

"மணிக்கா! ஓடிபி வந்துங்கீது! இத யாராண்டயும் சொல்லாதீங்கன்னு போட்டுங்கீறான்!" என்று வயலுக்கே கேட்கக் கூவிவிட்டு, அதே குரலில் தொடர்ந்தாள். "அஞ்சு... ரெண்டு... ஒம்போது..."

"நிறுத்துடி!" என்று மணியம்மாள் கையிலிருந்த நாற்று முடியை விசிறிவிட்டு, முழங்கால் சேற்றோடு வரப்பேறி வந்தாள். லில்லியிடமிருந்து போனைப் பிடுங்கினாள். "எவன்டி ஓடிபி கேக்குறது? குழுக் கணக்கெல்லாம் இந்த நம்பர்லதான்டி கீது! எவனாவது வழிச்சிக்கினு பூடுவான்!"

"எவனும் இல்லக்கா. நான்தான் கேட்டேன்" என்றாள் செல்வி. "ஆஸ்பத்திரியில என் நம்பர மாத்துறேன்."

"எதுக்கு?"

"எங்கிட்டதான் இப்ப போன் கீதே."

மணியம்மாள் முகம் சுருங்கியது. கோபமாக இருந்திருந்தால் செல்வி சமாளித்திருப்பாள். அது மனத்தாங்கல். "இத்தினி வருஷம் இந்த நம்பர்லதான வந்திச்சி? இன்னா கொறஞ்சி போச்சி? ஊசி போட வந்தப்ப உனக்கு எவ நம்பரு குடுத்தா? ராத்திரியில போன் வந்தாகூட எழுந்து வந்து உன் கதவத் தட்டல நானு? இப்ப உனக்கு என் போனு ஆவாம பூட்டுதா?"

நடவு நின்றுவிட்டது. எல்லோரும் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நிமிர்ந்தார்கள். குழந்தைவேல் இருந்திருந்தால் அவருக்கு மயக்கமே வந்திருக்கும்.

"அப்பிடி இல்லக்கா. முதல்ல அந்த ஓடிபியச் சொல்லு. அது செத்துடும்."

"சாவட்டும்! எதுக்குன்னு சொல்லிட்டு வாங்கிக்க."

செல்வி வானத்தைப் பார்த்தாள், மணியம்மாள் கையிலிருந்த போனைப் பார்த்தாள். எந்த நொடியிலும் அது அடிக்கலாம். அடித்தால் லில்லி படிப்பாள். இவர்கள் குலவை போடுவார்கள், இல்லையென்றால் உச்சுக்கொட்டுவார்கள். இரண்டில் எதையும் தாங்க இன்றைக்குத் தெம்பு இல்லை. பொய் சொல்ல ஒன்றும் மிச்சமில்லாததால் உள்ளே இருந்தது அப்படியே வந்துவிட்டது.

"நீ எனக்கு இன்னா செஞ்சேன்னு தெரியாதாக்கா? போன வாட்டி நீதான் என்னத் தூக்கிக்கினு ஆஸ்பத்திரிக்கு ஓடுன. உன் பொடவையெல்லாம் என் ரத்தம். அத மறந்தா நான் மனுஷியே இல்ல. ஆனா அதுக்கு முன்னாடி, நல்ல சேதி வந்திச்சே, அது இந்தப் போன்லதான் வந்திச்சி. இவ படிச்சா, நீங்க எல்லாரும் குலவ போட்டீங்க. நான் வூட்டுக்குப் போறதுக்குள்ள ஊரே பேசிடுச்சி. என் வூட்டுக்காரரு டீக்கடையில நின்னுக்கினு எவனோ சொல்லித் தெரிஞ்சிக்கினாரு. நான் சொல்லலக்கா! ஒரு பொண்டாட்டி புருஷங்கிட்ட சொல்ல வேண்டியத நான் சொல்லல. அப்புறம் அது போனப்பவும் அதே ஊருதான் வந்து கேட்டுது. ஒருத்தர் பாக்கியில்ல. அதுலேர்ந்து அவரு அந்தக் கடைப்பக்கமே போறதில்ல. ஷிப்டு வுட்டா சேதராப்பட்டு கம்பெனிலேர்ந்து நேரா வூட்டுக்கு வந்து கதவச் சாத்திக்கிறாரு. என் ஒடம்புல நடக்குறது எனக்கு மொதல்ல தெரியணும்கா. அப்புறம் அவருக்கு. அதுக்கப்புறம் நானே உன் வாசலுக்கு வந்து சொல்றேன். அதுவரைக்கும் அது என்னுது."

சொல்லி முடித்த பிறகுதான், இன்ன வகைச் சேதி என்பதைத் தன் வாயாலேயே வயல் முழுக்கச் சொல்லிவிட்டோம் என்று அவளுக்கு உறைத்தது. லில்லியை நொந்து என்ன? நாக்கைக் கடித்துக்கொண்டாள். காது மடல் வரைக்கும் சிவந்துவிட்டது.

லில்லி கையிலிருந்த நெத்திலியைக் கீழே வைத்தாள். சேற்றில் நின்ற ஜெயசுதாதான் மெதுவாகச் சொன்னாள், "அவ கேக்குறது நாயம்தான் மணிக்கா. கேசரி விசயத்துல எனக்கும் மனசு ஆறல."

மணியம்மாள் ஜெயசுதாவைப் பார்த்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அப்போது அவள் கைக்குள் போன் அடித்தது.

இந்த முறை ஓடிபி இல்லை. திரை பளிச்சென்று எரிந்தது. மணியம்மாளுக்குப் படிக்கத் தெரியாவிட்டாலும் ஆரோக்கியசெல்வி என்ற பேரின் வடிவம் தெரியும், எத்தனை முறை லில்லி காட்டிப் படித்திருக்கிறாள். லில்லி அனிச்சையாக எட்டிப் பார்த்தாள். "அக்கா, செல்விக்குதான் வந்துங்..."

"மூடுடி வாய!"

மணியம்மாள் போனைத் தன் மார்போடு கவிழ்த்து அழுத்திக்கொண்டாள். ரவிக்கையெல்லாம் சேறானது. இத்தனை வருஷத்தில் ஒரு மெசேஜ் வந்து அதை அவள் யாரிடமும் நீட்டாமல் நின்றது அன்றைக்குத்தான். மூச்சு வாங்க இரண்டு அடி நடந்து வந்து, முகத்தை வாய்க்கால் பக்கம் திருப்பிக்கொண்டு, போனைச் செல்வி கையில் வைத்தாள்.

"உன்னுது. பாத்துட்டு அழிச்சிடு. எனக்கு ஒண்ணும் தெரிய வேணாம்."

செல்வி போனை வாங்கினாள். திரையில் சேறு அப்பியிருந்தது. முந்தானையால் துடைத்தாள். பத்தாவது வரை படித்த இங்கிலீஷ் அவளை அன்றைக்குக் கைவிடவில்லை. தன் பேரைப் படித்தாள். அடுத்த வரியைப் படித்தாள். பிறகு கடைசியில் இருந்த ஒரு சொல்லைப் படித்தாள். நம்பாமல் அதையே எழுத்துக் கூட்டி இன்னொரு தரம் படித்தாள். பாசிட்டிவ்!

வயிற்றுக்குள்ளிருந்து கிளம்பிய சத்தத்தை அவள் எப்படி விழுங்கினாள் என்று அவளுக்கே தெரியாது. கத்த வேண்டும்போல இருந்தது, மணியம்மாளைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும்போல இருந்தது. இத்தனை பேச்சுப் பேசிவிட்டு எப்படிக் கத்துவது? உதட்டை இறுக்கிக்கொண்டாள். கன்னம் ரெண்டும் தன்னால் மேலே ஏறியது. அதை அடக்க வழியில்லை. மெசேஜை அழித்தாள். போனை மணியம்மாளிடம் திருப்பிக் கொடுக்கும்போது தலை நிமிரவேயில்லை.

மணியம்மாள் போனைக் கூடையில் போட்டாள். வயலைப் பார்த்துத் திரும்பி ஒரு சத்தம் போட்டாள். "இன்னாடி சினிமாவா காட்டுறாங்க? மழ வருது, குனிஞ்சி நடுங்கடி! லில்லி, முள்ளு குத்துனது போதும், நீ எறங்கு. ஏ செல்வி, நீ இன்னிக்கி சேத்துல எறங்க வேணாம். மேலேயே குந்து. கருவாட்டுத் தல கிள்ளு."

"நான் நடுறேன்க்கா, எனக்கு ஒண்ணும்..."

"நான் இன்னா கேட்டனா உனக்கு இன்னான்னு? நீ எதுக்கு சொல்ற? குந்துன்னா குந்து."

லில்லி நொண்டிக்கொண்டு இறங்கினாள். போகிற போக்கில் செல்வியின் முகத்தைப் பார்க்க அவளுக்கு எவ்வளவு ஆசை இருந்திருக்கும்! பார்க்கவில்லை. கழுத்தை ஒடித்துக்கொண்டு அந்தப் பக்கம் பார்த்தபடியே போனாள். ஜெயசுதா மட்டும் நாற்றைப் பிரித்துக்கொண்டே, "நாளைக்கி நானும் உன்கூட ஆஸ்பத்திரிக்கு வரேன்டி, நம்பரு மாத்த" என்றாள். "நானும்" என்று இன்னொரு குரல் வந்தது. "எல்லாம் போங்கடி, என் போனுக்கும் கொஞ்சம் ஓய்வு கெடைக்கட்டும்" என்றாள் மணியம்மாள். சொன்ன குரலில் வருத்தம் கொஞ்சம் இருந்தது, கேலியும் இருந்தது.

செல்வி மஞ்சுளாவுக்கு மறுபடி ஓடிபி அனுப்பச் சொல்லி, இந்த முறை தானே கூடையிலிருந்த போனைப் பார்த்து, தன் வாயால் மெல்லச் சொன்னாள். "மாத்திட்டேன்க்கா" என்றாள் மஞ்சுளா. ரிசல்ட் என்ன என்று அவள் கேட்கவில்லை. செல்வியும் சொல்லவில்லை.

அன்புராஜுக்குப் போன் போட்டாள். எடுக்கவில்லை. கம்பெனிக்குள் போனைப் பெட்டியில் வைத்துவிட்டுத்தான் மிஷினுக்குப் போக வேண்டும், சாப்பாட்டு மணி அடித்தால்தான் எடுப்பான். அதுவரைக்கும் அந்தச் சொல்லை நெஞ்சுக்குள் வைத்துக்கொண்டு கருவாட்டின் தலையைக் கிள்ளினாள். ஒன்றைக் கிள்ளிவிட்டு உடம்பைத் தூர எறிந்தாள், தலையைச் சட்டியில் வைத்தாள். பார்த்துவிட்டு மாற்றி வைத்தாள். தூறல் விழ ஆரம்பித்தது. யாரும் கரையேறவில்லை.

போன் அடித்தபோது சட்டி கவிழ எழுந்தாள். வரப்பு வழியாக மடை வரைக்கும் நடந்து போய், எல்லோருக்கும் முதுகு காட்டி நின்றுகொண்டாள்.

"இன்னா செல்வி, இந்நேரத்துக்குப் போன் பண்ணிங்கீற? இன்னா ஆச்சி?" அன்புராஜ் குரலில் பயம். நல்ல சேதிக்கு இந்த நேரத்தில் போன் வந்து அவனுக்குப் பழக்கமில்லை.

"ஒண்ணும் ஆவல. ரத்தத்துல பாத்தாங்க." அவள் முந்தானை நுனியை விரலில் சுற்றினாள். "நமக்குத் தங்கியிருக்குதுங்க."

அந்தப் பக்கம் தட்டுகள் மோதுகிற ஓசை கேட்டது, யாரோ அவனை வரிசையில் நகரச் சொல்வது கேட்டது. பிறகு மூக்கை உறிஞ்சுகிற சத்தம் வந்தது. அவன் குரலைத் தாழ்த்திக்கொண்டு, டீக்கடைக்குப் போகாத அத்தனை நாளையும் சேர்த்து வைத்துக் கேட்பதுபோலக் கேட்டான்.

"யார் யாருக்கு செல்வி தெரியும்?"

செல்வி திரும்பிப் பார்த்தாள். தூறலில் வயல் மங்கலாகத் தெரிந்தது. ஓயாமல் வாயடிக்கிற அந்தக் கூட்டத்தில் ஒரு பேச்சில்லை, ஒரு சிரிப்பில்லை. மணியம்மாள் முதற்கொண்டு அத்தனை பேரும் தலையைச் சேற்றுக்குள் புதைத்துவிடுவதுபோலக் குனிந்து, மும்முரமாக நட்டுக்கொண்டிருந்தார்கள்.

"உங்களுக்கும் எனக்கும்தான்" என்றாள் செல்வி, வயலுக்கே கேட்கிற மாதிரி. "வேற ஒருத்தருக்கும் தெரியாது."

வயலில் ஒரு தலைகூட நிமிரவில்லை.